நிக்கிறதும் இருக்கிறதும்

ஒருவரோடு தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினால் மனிதர்கள் முதலில் சுகம் விசாரிப்பார்கள். எங்கள் அப்புக்காத்து இடம் விசாரிப்பார்.

"இப்ப நீங்கள் எங்க நிக்கிறீங்கள்?"

பதில் வந்ததும் அடுத்த கேள்வி. "சரி. எங்க இருக்கிறீங்கள்?"

இந்த இரண்டுக்கும் ஒழுங்கான பதில் கொடுக்காமல் அவரிடமிருந்து ஒரு வணக்கம்கூட வாங்க முடியாது. வேலையில் மட்டும் அல்ல, வீட்டிலும் அப்படித்தானாம். அவருடைய தாயே ஒருமுறை என்னிடம் முறைப்பட்டார். குசினியிலிருந்து மாடிக்குக் கூப்பிட்டாலும் "எங்க நிண்டு கூப்பிடுறீங்கள் அம்மா?" என்றுதான் மேலிருந்து குரல் வருமாம்.

அப்புக்காத்து என்பது நான் வைத்த பட்டப்பெயர். யாழ்ப்பாணத்தில் எங்கள் அப்பாமார் வழக்கறிஞரை அப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் கறுப்புக் கோட்டும் தொந்தியும் வெற்றிலை வாயும்தான் எனக்கு நினைவுக்கு வரும். இவரோ முப்பத்தொரு வயதுப் பெண். சுவிஸில் லாங்கன்தாலில் பிறந்தவர், சைக்கிளில் ஸ்டேஷனுக்கு வருகிறவர், மத்தியானத்தில் ஒரு அப்பிளும் நாலு பிஸ்கட்டும் சாப்பிடுகிறவர். தமிழை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்ததால் வீட்டுப் பேச்சும் பாடப்புத்தகமும் அவருடைய வாயில் கலந்து வரும். வயதுக்கு என்னை மாமா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். அண்ணை என்றுதான் கூப்பிட்டார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சூரிச்சில் ஒரு சின்ன அலுவலகம். அவரும் நானும் எதிரெதிர் மேசை. ஒரு கொம்பனி தான் முன்பு விற்ற கடன்பத்திரங்களை, அவற்றின் காலம் முடிவதற்கு முன்னரே திரும்ப வாங்க நினைக்கிறது என்று வையுங்கள். பத்திரம் வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடப்பார்கள். அவர்களைத் தேடிப்பிடித்து, "இன்ன விலைக்கு வாங்குகிறோம், இன்ன திகதிக்குள் சம்மதம் சொல்லுங்கள்" என்று அறிவிப்பதுதான் எங்கள் வேலை. சட்டம் அவருடைய பொறுப்பு. போன் என்னுடையது. ஓல்டனில் முதலில் கோப்பை கழுவி, பிறகு பார்சல் களஞ்சியமொன்றில் போன் எடுத்து, நாலு மொழியில் மன்னிப்புக் கேட்கப் பழகியிருந்த எனக்கு இது ஏற்ற வேலைதான்.

இந்த மாதிரி அறிவிப்புகளின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு பந்தி இருக்கும். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கோ, தற்சமயம் அங்கே உள்ளவர்களுக்கோ இது பொருந்தாது, இந்தக் காகிதத்தை அந்த நாட்டுக்குள் அனுப்பவும் கூடாது, போனில் சொல்லவும் கூடாது என்று. அமெரிக்கச் சட்டத்துக்கு அவ்வளவு பயம். எங்கள் சுவிஸ் சகாக்கள் வசிப்பதற்கும் தற்சமயம் உள்ளதற்கும் வித்தியாசம் விளங்காமல் ஒவ்வொரு முறையும் அப்புக்காத்துவிடம் வந்து நிற்பார்கள். அவருக்கு இதில் ஒரு பெருமை.

"எங்கட ஆக்களுக்கு இது பிறக்கேக்கயே தெரியும் அண்ணை," என்பார். "கனடாவில இருக்கிற சித்தப்பா இப்ப கொழும்பில நிக்கிறார் எண்டு சின்னப்பிள்ளையும் சொல்லும். இவங்கள் அதுக்கு ஒரு பந்தி எழுதுறாங்கள்."

உண்மைதான். எங்கே நிக்கிறாய் என்றால் இந்த நிமிடம். எங்கே இருக்கிறாய் என்றால் வாழ்க்கை. இதைக் கேட்டுக்கேட்டுத்தான் நாங்கள் நாடு நாடாகப் போனோம். அதையே இந்த அப்புக்காத்து சட்டமாகப் பிடித்துக்கொண்டு என் உயிரை எடுப்பார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒருநாள் காய்ச்சல் என்று அலுவலகத்துக்குப் போன் செய்தேன். காய்ச்சல் இல்லை. பேர்னில் ஒரு நண்பரின் கடை திறப்புவிழா. போனை எடுத்தது அப்புக்காத்துதான்.

"ஐயோ அண்ணை, கவனமா இருங்கோ. எங்க நிக்கிறீங்கள்?"

"வீட்டிலதான் தங்கச்சி. போர்வைக்குள்ள."

அந்தக் கணம் பார்த்து ஓல்டன் ஸ்டேஷனின் ஒலிபெருக்கி என் தலைக்கு மேலே வாயைத் திறந்து, எந்த ரெயின் எந்த மேடைக்கு வருகிறது என்று முழங்கியது.

"உங்கட வீட்டில பேர்ன் ரெயின் ஏழாம் கிளைஸிலயோ வாறது அண்ணை?"

அன்றைக்கு நான் அடுத்த ரெயினில் சூரிச்சுக்குப் போனேன். அவர் என் மேசையில் ஒரு கோப்பை இஞ்சித் தேத்தண்ணி வைத்திருந்தார். அது அக்கறையா நக்கலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் அடிக்கடி கேட்கும் இன்னொரு கேள்வி, "பின்னால ஆர்?" என்பது. கடன்பத்திரப் பதிவேட்டைப் பார்த்தால் அங்கே ஒரேயொரு பெரிய நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். அதற்குப் பின்னால் பத்து வங்கிகள். ஒவ்வொரு வங்கிக்குப் பின்னாலும் சின்ன வங்கிகள். அவற்றுக்கும் பின்னால்தான் கையும் காலும் உள்ள மனிதர்கள். பெயரை நம்பாதே, திரையை விலக்கிப் பின்னால் நிற்பது யார் என்று பார் என்பது சட்டம். அவர் அதையும் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

டல்லஸிலிருந்து அவருக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் கணினி வேலை. வீடியோவில் கதைக்கப் பெற்றோர் ஒழுங்கு செய்தார்கள். அடுத்த திங்கட்கிழமை நான் ஆவலை அடக்க முடியாமல் கேட்டேன்.

"என்னெண்டு பெடியன்?"

"பெடியன் நல்லம் அண்ணை. ஆனா நான் என்ன கேட்டாலும் ஒருக்கா வலப்பக்கம் திரும்பிப் பாத்திட்டுத்தான் பதில் சொல்லுறார். பின்னால ஆர் எண்டு கேட்டன். அக்காவாம். அக்காவைக் கூப்பிட்டன். அவ இடப்பக்கம் திரும்பிப் பாத்தா. அங்க அம்மா."

"அதுக்கு?"

"பெடியன் வெறும் பெயர் மட்டும்தான் அண்ணை. உண்மையான உரிமையாளர் அம்மா. அம்மாவை நான் கட்டேலாது."

தன் அக்காவின் மகனுடைய முதலாவது பிறந்தநாளுக்கு அழைப்பிதழ் எழுதிக் கொடுத்ததும் இவர்தான். லாங்கன்தால் மண்டபம், மதியம் பன்னிரண்டு மணி, மதிய உணவு உண்டு என்று எல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டு, அடியில் பொடி எழுத்தில் இப்படியும் சேர்த்திருந்தார்: "வெளிநாட்டில் நிற்போர் இவ்வழைப்பின் பொருட்டுப் பயணச்சீட்டு வாங்கக் கடமைப்பட்டவர் அல்லர்." ரொறொன்ரோவில் இருந்த பெரியப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "எங்களை வரவேண்டாம் எண்டு அச்சடிச்சே அனுப்பிட்டினம்" என்று கொதித்து, அதற்காகவே குடும்பத்தோடு விமானம் ஏறி வந்து மூன்று கிழமை அந்த வீட்டில் நின்றார். ஒருவரையும் குழப்பக்கூடாது என்று எழுதினேன், அதனால்தான் குழம்பிவிட்டது என்று அப்புக்காத்து உண்மையாகவே கவலைப்பட்டார். ஒருவரையும் வெளியே விடுவது அவருக்குப் பிடிக்காது. அது எனக்கு அப்போது விளங்கவில்லை. கேபிள்கார் கொம்பனியின் வேலை வந்தபோதுதான் விளங்கியது.

மலைகளில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேபிள்கார் செய்கிற ஒரு கொம்பனி. அவர்களுக்கு நிலைமை அவ்வளவு சரியில்லை. தங்கள் கடன்பத்திரங்களை முழு விலைக்குத் திரும்ப வாங்கி, எல்லாவற்றையும் புதிதாக ஒழுங்குபடுத்தப் பார்த்தார்கள். இப்போது கொடுத்துவிட்டவர்கள் தப்பினார்கள். கொடுக்காதவர்கள் பிறகு யாரும் வாங்காத காகிதத்தை இன்னும் எட்டு வருடம் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் ஷெஃப் (சமையல்காரர் அல்லர், இந்த நாட்டில் மேலதிகாரியை அப்படித்தான் சொல்வோம்) வழக்கம்போல "அமெரிக்காவை வெளியில் விடுவோம்" என்றார். அமெரிக்கர்களைச் சேர்த்தால் அவர்களுடைய விதிகள் எல்லாம் கூடவே வரும், அறிவிப்பை இருபது வேலைநாள் திறந்து வைக்க வேண்டும், ஒரு சொல் பிழைத்தாலும் வழக்கு வரும் என்பது அவருடைய பக்கம். முழுவதும் பிழையென்று சொல்ல முடியாது.

அப்புக்காத்து ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் இருப்பவர்களின் கையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இல்லையென்றால் அந்த நாட்டுச் சட்டமே பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும், அதற்குப் பெயர் விலக்கு என்றார். ஒரேயொரு நிபந்தனைதான். மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே விலையை, அதே நேரத்தை, அதே காகிதத்தை அமெரிக்கர்களுக்கும் கொடுக்க வேண்டும். பத்துக்கு மேலா கீழா என்று அறிய, பெயர்களுக்குப் பின்னால் யார் என்று ஒவ்வொரு வங்கியாகக் கேட்க வேண்டும்.

"அதற்கு எவ்வளவு நாள்?" என்று ஷெஃப் கேட்டார்.

"இரண்டு கிழமை."

"அறிவிப்பு திங்கட்கிழமை," என்றார் ஷெஃப். கூட்டம் முடிந்தது.

அப்புக்காத்து மேசைக்குத் திரும்பி வந்து அப்பிளை எடுத்து, கடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். நான் ஆறுதலுக்கு வாயைக் கொடுத்தேன்.

"விடுங்கோ தங்கச்சி. விலக்கு எண்டு நீங்களும் சொல்லுறீங்கள், விலக்கு எண்டு அவரும் சொல்லுறார். எல்லாம் ஒண்டுதானே."

"ஒண்டில்லை அண்ணை!" அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "நான் சொல்லுற விலக்கு சட்டத்தை விலக்கிறது. அவர் சொல்லுறது ஆக்களை விலக்கிறது. தமிழ்ப் பள்ளியில எனக்கு இந்தச் சொல்லுக்கு ஒரு கருத்துத்தான் படிப்பிச்சவை. மற்றதை இப்பதான் பாக்கிறன்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒரு கையில் அப்பிளும் மறுகையில் போனுமாக, "பின்னால ஆர்?" என்பதை ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் யார் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் கேட்காத வேலை. பிஸ்கட் பெட்டி நாள்கணக்கில் திறக்கப்படாமல் கிடந்ததால் நான்தான் அதை முடித்தேன்.

அறிவிப்பு வெளியாகி மூன்றாவது நாள் நாங்கள் பிறகு துன் அன்ரி என்று சொல்லத் தொடங்கியவரின் முதல் அழைப்பு வந்தது. தமிழ் என்பதால் என்னிடம் வந்தது. அறுபத்தெட்டு வயது. துன் என்ற ஊரின் ஏரிக்கரையில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் இருபத்தாறு வருடம் விரிப்பு மடித்தவர். வங்கியில் ஒரு மனுசி சிரித்துச் சிரித்து விற்றதை நம்பி, சேமித்ததெல்லாம் கேபிள்கார் கொம்பனியின் பத்திரத்தில் போட்டிருந்தார். வேறு ஒன்றும் கிடையாது. திரும்பக் கொடுக்கப்போகிறார், அவ்வளவுதான். மகன் வங்கிக் கடிதத்தைப் போனில் வாசித்துக் காட்டினானாம். படிவத்தில் எங்கே கையெழுத்து என்று கேட்டார். சுவிஸ் இலக்கத்திலிருந்து வந்த அழைப்பு. நான் சந்தோசமாக விளக்கத் தொடங்கினேன்.

எதிர் மேசையிலிருந்து ஒரு விரல் உயர்ந்தது. "கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. அலுப்போடு ஸ்பீக்கரைப் போட்டேன். அவரே கேட்டார்.

"வணக்கம் அன்ரி. எங்க இருக்கிறீங்கள்?"

"துன்னில பிள்ளை. முப்பது வருசமா."

"இப்ப எங்க நிக்கிறீங்கள்?"

"நியூஜேர்சியில. மகளுக்கு இது தலைப்பிள்ளை. பத்தியம் பாக்க வந்தனான். பெட்டைக்குட்டி, மூக்கு அப்பிடியே என்ர..."

அப்புக்காத்துவின் முகம் வெளிறிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து, பாடப்புத்தகத் தமிழில் சொன்னார்.

"மன்னிக்கவும். இந்த அறிவிப்பு தங்களுக்கானதன்று. அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட பின்னர் தொடர்பு கொள்ளவும்."

"என்ன பிள்ளை, தேவாரம் மாதிரி..."

அப்புக்காத்து போனை வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வயதுபோன மனுசியின் முகத்தில் கதவைச் சாத்துவதா? "நீங்கள் மனிசியே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"நான் கதைச்சா அது அமெரிக்காவுக்குள்ள அறிவிப்புக் குடுத்ததாப் போயிடும் அண்ணை. பிறகு எல்லாற்ற வியாபாரமும் கெட்டிடும். அவவின்ரயும்தான்." கொஞ்ச நேரம் கழித்து, "மகள் எப்ப பெத்தவவாம்? கடைசித் திகதிக்கு முதல் அவ திரும்பி வரமாட்டாவோ?" என்று கேட்டார். நாள் எண்ணிப் பார்த்தோம். வரமாட்டார். பத்தியம் முடியும்போது அறிவிப்பும் முடிந்துவிடும்.

துன்னில் இருந்த மகன் அடுத்த நாள் எடுத்தான். அம்மாவுக்குப் பதிலாகத் தான் கையெழுத்து வைக்கிறேன், தான் நிற்பதும் இருப்பதும் துன்தான் என்றான். எவ்வளவு நல்ல பிள்ளை என்று நான் தலையாட்டினேன்.

"உங்களுக்குப் பின்னால ஆர்?" என்றார் அப்புக்காத்து.

"பின்னால ஒருத்தரும் இல்லை. நான் பால்கனியில நிக்கிறன்."

"பத்திரம் ஆற்ற?"

"அம்மாவின்ர."

"அம்மா எங்க நிக்கிறா?"

அதோடு அந்த வழியும் அடைபட்டது. அங்கே நிற்பவருக்காக இன்னொருவர் இங்கே கையெழுத்து வைப்பதையும் அந்தக் கொட்டை எழுத்துப் பந்தி விட்டுவைக்கவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அப்புக்காத்து கோப்பி எடுக்கப் போன நேரம் பார்த்து, மகன் தந்த இலக்கத்துக்கு என் கைப்பேசியிலிருந்து அன்ரியைக் கூப்பிட்டேன். "அன்ரி, நாளைக்கு எடுங்கோ. எங்க நிக்கிறியள் எண்டு கேட்டா துன் எண்டு சொல்லுங்கோ. வேற ஒண்டும் சொல்லாதேங்கோ."

"பொய்யோ தம்பி?"

"பொய்யில்லை அன்ரி. துன்னிலதானே இருக்கிறியள்."

நிற்பதையும் இருப்பதையும் கலந்துவிட்டால் உலகத்தில் பாதிப் பிரச்சினை தீரும் என்று நான் நினைத்தேன். அடுத்த நாள் மத்தியானம் மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. அன்ரி பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற மாதிரி சொன்னார்.

"துன்னில இருக்கிறன். துன்னில நிக்கிறன்."

"சந்தோசம் அன்ரி," என்றார் அப்புக்காத்து. "திரும்பி வந்திட்டீங்களோ? களைச்சுப்போயிருப்பீங்கள். சாப்பிட்டீங்களோ?"

"எங்க பிள்ளை. இப்பதான் காலமைத் தேத்தண்ணி குடிச்சு முடிச்சனான்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே சூரிச்சின் பின்னேர வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"துன்னில இப்ப காலமையோ அன்ரி?"

அப்புக்காத்து மெதுவாகப் போனை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏழாம் கிளைஸ் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. ஒரு கிழமை போனது. பொய்தானே பிழைத்தது, உண்மையாகவே அன்ரியை அமெரிக்காவை விட்டு வெளியில் நிற்க வைத்தால் என்ன? மறுபடி கூப்பிட்டேன்.

"அன்ரி, கனடாவில உங்களுக்கு ஆரும் இல்லையோ?"

"ஆர் இல்லை? பாதி ஊர் ரொறொன்ரோவிலதான் கிடக்குது."

"எல்லையைத் தாண்டி ஒரு அஞ்சு நிமிசம் நிண்டு போன் எடுத்தாக் காணும். 'கனடாவில நிக்கிறன்' எண்டு சொல்லுங்கோ. ஒருத்தருக்கும் காரணம் சொல்லாதேங்கோ."

பிள்ளைக்கு அப்போது ஒரு மாதம் நெருங்கியிருந்தது. அன்ரி மருமகனிடம் நயாகரா பார்க்க ஆசை என்று சொல்லியிருக்கிறார். கேட்காதவர் கேட்கிறாரே என்று மருமகன் லீவு போட்டு, விடியப்புறமே காரை எடுத்து, நாள் முழுக்க ஓடி, வழியில் ஒரு மோட்டலில் தங்கி, காலையில் கொண்டுபோய் நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார். கடைசித் திகதிக்கு மூன்று நாள் இருந்தது. எங்கள் போன் அடித்தது. அப்புக்காத்து எடுத்து ஸ்பீக்கரைப் போட்டால் இரைச்சல். உலகத்தில் உள்ள அவ்வளவு குழாயையும் யாரோ ஒன்றாகத் திறந்துவிட்ட மாதிரி.

"பிள்ளை!" என்று அன்ரி கத்தினார். "கேக்குதோ?"

"கேக்குது அன்ரி! எங்க நிக்கிறீங்கள்?"

இரைச்சல். பிறகு, "பிள்ளை, கனடா தெரியுது!"

அப்புக்காத்து போனை இறுக்கிப் பிடித்தார். "தெரிஞ்சாக் காணாது அன்ரி! நிக்கோணும்!"

"பாலத்தால விடுறாங்களில்லை! பாஸ்போட் கேக்கிறாங்கள்! அது நியூஜேர்சியில அலுமாரிக்குள்ள கிடக்குது! எனக்கு ஆரும் சொல்லேல்லையே!"

காரணம் சொல்லாதே என்று நான் சொன்னதால் மருமகனுக்குக் காரணம் தெரியாது. காரணம் தெரியாததால் பாஸ்போட்டை எடுக்கச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை. என் கெட்டித்தனத்தின் அழகு அதுதான்.

அன்ரி அழத் தொடங்கிவிட்டார். தண்ணீர் இரைச்சலிலும் அது கேட்டது. "பிள்ளை, நான் ஒரு கள்ளவேலையும் செய்யேல்லை. பேத்தியைப் பாக்க வந்தனான். அதுக்கோ எனக்கு இந்தத் தண்டனை? அந்தப் பக்கத்தில குடை பிடிச்சுக்கொண்டு நிக்கிற சனம்கூட எனக்குத் தெரியுது."

"அன்ரி..." என்றார் அவர். சொல்லக்கூடியதெல்லாம் சொல்லக்கூடாதது. போனை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அதைப் பார்த்தபோது, நான் கேட்ட "நீங்கள் மனிசியே?" என்ற கேள்வி எனக்கே திரும்பி வந்து சுட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஷெஃபின் அறைக்குப் போய்விட்டார்.

கதவு திறந்திருந்தது. என் நாற்காலிக்குச் சக்கரம் இருந்ததால் அது தானாக அந்தப் பக்கம் உருண்டுவிட்டது.

"என்ன இது?" என்றார் ஷெஃப்.

"பதிவேட்டில் உள்ள பெயர்களுக்குப் பின்னால் யார் என்ற கணக்கு. எல்லா வங்கியும் பதில் தந்துவிட்டது. அமெரிக்காவில் இருப்பவர்களின் பங்கு பத்துக்கு எவ்வளவோ கீழே."

"இதற்கு நான் நேரம் ஒதுக்கவில்லையே. எங்கிருந்து வந்தது நேரம்?"

"மத்தியானச் சாப்பாட்டிலிருந்து."

ஷெஃப் பக்கங்களைப் புரட்டினார். அவர் கெட்ட மனிதர் அல்லர், வழக்கு என்ற சொல்லுக்குப் பயந்த மனிதர். பிறகு மெல்லக் கேட்டார். "சற்று முன் ஒரு இரைச்சல் கேட்டதே, என்ன அது?"

"நயாகரா. வாடிக்கையாளர் ஒருவர்."

"எந்தப் பக்கம்?" என்றார் ஷெஃப். கேட்டுவிட்டு, தானும் இந்தக் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டதை எண்ணி அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பிழையான பக்கம்," என்றார் அப்புக்காத்து. அவர் சிரிக்கவில்லை.

அமெரிக்க வழக்கறிஞர்களிடம் கேட்டார்கள். கொம்பனியிடம் கேட்டார்கள். இரண்டு நாள் எங்கள் தளத்தில் யாரும் ஒழுங்காக மூச்சு விடவில்லை. கடைசித் திகதிக்கு முதல்நாள் திருத்தம் வெளியானது. அறிவிப்பு இன்னும் இரண்டு கிழமை திறந்திருக்கும். கொட்டை எழுத்துப் பந்தி நீக்கப்பட்டது. அமெரிக்காவில் நிற்பவர்களும் இருப்பவர்களும் மற்ற எல்லோரையும் போல, அதே விலைக்கு, அதே நாளுக்குள் கொடுக்கலாம். படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் மிஞ்சியது. எங்கே நிற்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று உண்மையாக எழுத வேண்டும். எந்தப் பதிலும் சரி, பொய் மட்டும் கூடாது.

அப்புக்காத்து எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பிறகு மூன்று வருடம் வேலை செய்தார். இப்போது ஜெனீவாவில் இருக்கிறார். எங்கே நிற்கிறார் என்று தெரியாது, அவர் வேலை அப்படி. எதிர் மேசைக்கு ஒரு பெடியன் வந்திருக்கிறான், சுகம் விசாரித்துத்தான் போன் கதைப்பான். எனக்கு என்னவோ பிடிக்கவில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் அந்தத் திருத்தம் வெளியான நாளின் பின்னேரம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக நாங்களே சட்டப்படி அமெரிக்காவுக்குப் போன் எடுக்கலாம் என்று ஆனது. அவர் ஸ்பீக்கரைப் போட்டு, எண்களை ஒவ்வொன்றாக, கவனமாக அழுத்தினார்.

"வணக்கம் அன்ரி. சூரிச்சிலயிருந்து கதைக்கிறன். எங்க நிக்கிறீங்கள்?"

அன்ரி ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "கனடாவில!"

"அன்ரி..."

"கனடாதான் பிள்ளை. ரெண்டு காலும் கனடாவிலதான் நிக்குது."

"அன்ரி, இப்ப அமெரிக்கா எண்டு சொல்லலாம். விதி மாறிட்டுது."

"நீர் உப்பிடித்தான் சொல்லுவீர். நான் அமெரிக்கா எண்டுவன், நீர் வைச்சிடுவீர். மூண்டு தரம் வைச்சனீர்."

"உண்மையைச் சொன்னால்தான் நான் எழுதலாம் அன்ரி. பொய் சொன்னீங்கள் எண்டா இதுவும் கெட்டிடும்."

"அப்ப அந்தத் தம்பியைக் குடும். அந்தாள்தானே துன் எண்டு சொல்லச் சொன்னது, பிறகு கனடா எண்டு சொல்லச் சொன்னது."

அப்புக்காத்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் ஸ்டேப்ளரைத் திறந்து உள்ளே ஏதோ சிக்கிவிட்ட மாதிரி ஆராய்ந்தேன். காதுமடல் சுட்டது. பிறகு வேறு வழியில்லாமல் குனிந்து போனுக்குச் சொன்னேன்.

"அன்ரி, நான் சொன்னது பிழை. உண்மையைச் சொல்லுங்கோ."

"முந்தி ஒரு கதை, இப்ப ஒரு கதை," என்றார் அன்ரி. குரலில் இருந்த பிடிவாதம் போய்விட்டது. தூரத்தில் ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ அதைத் தூக்கினார்கள். அன்ரி மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.

"அமெரிக்காவிலதான் பிள்ளை நிக்கிறன்," என்றார் மிகச் சின்னக் குரலில். "நியூஜேர்சியில. மகளின்ர குசினிக்குள்ள."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். போன் வைக்கப்படும் அந்தச் சத்தத்துக்குத்தான். அப்புக்காத்து பேனையை எடுத்துக் கட்டத்தில் எழுதினார். அவருடைய கண் கலங்கியிருந்ததால் எழுத்து கோடு தாண்டிப் போனது.

"பிள்ளை?"

"ஓம் அன்ரி."

"வைக்கேல்லையோ?"

"இல்லை அன்ரி," என்றார் அவர். "இருக்கிறன்."